சிறுநீரகமும் பழுது, இருதயத்திலும் அடைப்பு: உடனே ஆபரேஷன் தேவையா?

777 நோயாளிகளிடம் கிடைத்த விடை

ஆரணி என்றதும் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது இந்த ஊர். பொழுது விடிந்தால் தறிச் சத்தம். பொழுது சாய்ந்தாலும் தறிச் சத்தம். எந்த வீட்டில் அந்தச் சத்தம் நின்று போகிறதோ, அந்த வீட்டில் ஏதோ கஷ்டம் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

தறி ஓட்டுவது லேசான வேலை அல்ல. குழியில் காலை இறக்கி உட்கார வேண்டும். காலால் மிதிக்க வேண்டும். ஒரு கையால் நாடாவை ஓட்ட வேண்டும். மறு கையால் அச்சுப் பலகையை இழுத்து அடிக்க வேண்டும். உடம்பு சரியாக இருந்தால்தான் சேலை வளரும்.

அப்படிப்பட்ட ஒரு நெசவாளர் வீட்டை நினைத்துப் பாருங்கள்.

குடும்பத் தலைவருக்கு வயது 58. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. ரத்தக் கொதிப்பும் உண்டு. அவருடைய சிறுநீரகங்கள் ஏறக்குறைய செயல் இழந்துவிட்டன. இப்போது புதிதாக ஒரு தொல்லை. நாலு எட்டு வேகமாக நடந்தால் மார்பில் ஓர் இறுக்கம். உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. பரிசோதனை செய்த டாக்டர், "இருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அன்று இரவு வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

"தறியை விற்றாவது அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்துவிடலாம்" என்கிறான் மகன்.

"வேண்டாம்டா! அந்த மருந்தை ஏற்றிப் படம் எடுத்தால் இருக்கிற கிட்னியும் போய்விடும் என்று சொல்கிறார்களே!" என்று தாய் கலங்குகிறாள்.

"எங்கள் தெருவில் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள் மாமா. இப்போது நன்றாக நடமாடுகிறார்" என்று தைரியம் சொல்கிறார் மருமகன்.

மூவரும் அவர் மேல் உள்ள அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் யார் சொல்வது சரி?

இது ஆரணிக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. உலகமெங்கும் டாக்டர்களைக் குழப்பிய கேள்வி. 2020-ஆம் ஆண்டில்தான் இதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைத்தது.

சிறுநீரகம் செய்யும் வேலை

மனிதனுக்கு இரண்டு சிறுநீரகங்கள் உண்டு. "கிட்னி" என்று பேச்சில் சொல்கிறோம். இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவுதான். அதற்குள் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள்! கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை.

ஒரு நாளில் இந்த வடிகட்டிகள் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியே வருகிறது. கழிவும், மிஞ்சிய உப்பும் அதோடு போய்விடுகின்றன.

சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் இந்த வடிகட்டிகளை மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. நெருக்கமாக நெய்த துணியில் இழை இழையாக அறுந்து போவதைப் போல! பாதி அறுந்தாலும் வலி தெரியாது. அதுதான் ஆபத்து.

கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையைக் கொண்டு சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். அந்த எண் 30-க்குக் கீழே போனால் நோய் முற்றுகிறது என்று பொருள். 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் பற்றி யோசிக்க வேண்டிய கட்டம்.

ஒரு தொழிலாளியின் கதை

சிறுநீரகம் கெட்டால் மனிதன் சிறுநீரகத்தால்தான் சாவான் என்று முன்பு நினைத்தார்கள். அது தவறு என்று காட்டியது ஓர் அமெரிக்கத் தொழிலாளியின் வாழ்க்கை.

ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்பச் செலுத்துவதுதான் டயாலிசிஸ். அந்த இயந்திரத்தை முதலில் செய்தவர் ஹாலந்து நாட்டு டாக்டர் கோல்ப். அது 1943-ஆம் ஆண்டு. உலக யுத்த காலம். எந்தப் பொருளும் கிடைக்காத நேரம். இறைச்சியை அடைத்து விற்கும் செலோபேன் உறையையே குழாயாகச் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓட விட்டார் அவர்!

ஆனால் அதை ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்பச் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ரத்தக் குழாயைப் புதிதாக வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் ஸ்கிரிப்னர் அதற்கு வழி கண்டார். கையிலேயே நிரந்தரமாக ஒரு சிறு குழாயைப் பொருத்தினார். அப்படிப் பொருத்தப்பட்ட முதல் நோயாளியின் பெயர் கிளைட் ஷீல்ட்ஸ். அவர் ஓர் இயந்திரத் தொழிலாளி.

சாவின் வாயிலில் இருந்த ஷீல்ட்ஸ் எழுந்து நடந்தார். இன்னும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1971-ல் இறந்தார். எதனால்? சிறுநீரகத்தால் அல்ல. மாரடைப்பால்!

1974-ல் சியாட்டில் டாக்டர்கள் தங்கள் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். டயாலிசிஸ் செய்துகொண்டு பல ஆண்டு வாழ்ந்தவர்களில் பலரை இருதய நோயே கொண்டுபோனது என்று அதில் தெரிந்தது. இன்றும் சிறுநீரகம் கெட்டவர்களின் முதல் எதிரி இருதய நோய்தான்.

இருதயம் ஏன் கெடுகிறது?

காரணங்கள் பல.

மிஞ்சிய உப்பும் நீரும் வெளியேறாமல் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்து இருதயத்தின் சுவர் தடித்துப் போகிறது.

ரத்தத்தில் பாஸ்பரஸ் என்ற சத்து அளவுக்கு மிஞ்சுகிறது. அது சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து ரத்தக் குழாயின் சுவரில் படிகிறது. உப்புத் தண்ணீர் ஓடும் இரும்புக் குழாயில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே போலத்தான்.

ரத்த சோகையும் வருகிறது. ரத்தத்தில் பலம் குறைந்ததால் இருதயம் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது.

இவற்றோடு சர்க்கரை வியாதியும் பீடி சிகரெட்டும் சேர்ந்துவிட்டால் கேட்க வேண்டாம்!

இன்னொரு வம்பு. மற்றவர்களுக்கு மாரடைப்பு வந்தால் மார்பு வலிக்கும். நெடுநாள் சர்க்கரை வியாதி உள்ள சிறுநீரக நோயாளிக்குச் சில சமயம் வலியே தெரியாது. மூச்சுத் திணறல், திடீர் வியர்வை, காரணமில்லாத களைப்பு மட்டும் வரும். "உடம்பில் நீர் ஏறியிருக்கிறது" என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவார்கள்.

வைத்தியம் தூரத்தில் இல்லை

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாகப் பஸ் ஏறினால் வேலூர். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கிய ஊர் அது. அவர் உருவாக்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான் 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான மாற்றுச் சிறுநீரக ஆபரேஷன் நடந்தது. ஷீல்ட்ஸ் இறந்த அதே ஆண்டு! அந்தச் சாலையிலேயே அடுக்கம்பாறையில் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

இருதயத்துக்கும் வைத்தியம் வந்தது. காலிலிருந்தோ மார்பிலிருந்தோ ரத்தக் குழாய் எடுத்து, அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதை போடுவது பைபாஸ் ஆபரேஷன். இந்தியாவில் அதை முதலில் செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் 1975-ல் செய்தார்.

1977-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் டாக்டர் குருன்ட்சிக் மார்பைத் திறக்காமலே அடைப்பை நீக்கினார். மெல்லிய குழாயின் நுனியில் சிறு பலூனை வைத்து உள்ளே செலுத்தி, அடைப்பு இருக்கும் இடத்தில் ஊதி விரித்தார். பிறகு அந்த இடம் மறுபடி சுருங்காமலிருக்க, வலை போன்ற ஓர் உலோகக் குழாயை உள்ளே நிறுத்தும் முறை வந்தது. அதுதான் ஸ்டென்ட்.

இவ்வளவு வசதி இருக்கும்போது தயக்கம் எதற்கு? அடைப்பு இருந்தால் நீக்கிவிட வேண்டியதுதானே?

தாயின் பயமும் வீண் அல்ல

அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆஞ்சியோகிராம் எடுக்கிறார்கள். படத்தில் தெரிவதற்காக ஒரு மருந்தை ரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். அந்த மருந்து, ஏற்கனவே பலவீனமான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடும். எல்லோருக்கும் கெடும் என்பதல்ல. மருந்தின் அளவைக் குறைத்தும், தேவையானவர்களுக்கு முன்னதாகவே உப்பு நீர் ஏற்றியும் டாக்டர்கள் ஆபத்தைக் குறைக்கிறார்கள். ஆனாலும் ஆபத்து அடியோடு போய்விடுவதில்லை.

ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரைகளை மாதக் கணக்கில் சாப்பிட வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஏற்கனவே ரத்தக் கசிவு சுலபமாக ஏற்படும். டயாலிசிஸ் செய்யும்போதும் ரத்தம் உறையாத மருந்து கொடுக்கிறார்கள். எல்லாம் சேர்ந்தால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசியக்கூடும்.

ரத்தக் குழாயில் சுண்ணாம்பு இறுகியிருந்தால் பலூனும் எளிதில் விரியாது. பைபாஸ் ஆபரேஷனிலும் இந்த நோயாளிகளுக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

கை சம்பந்தமான விஷயம் ஒன்றும் உண்டு. டயாலிசிஸ் செய்வதற்கு, பெரும்பாலும் அதிகம் பழக்கமில்லாத கையில், இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து ஒரு சிறு ஆபரேஷன் செய்கிறார்கள். அதற்கு 'பிஸ்டுலா' என்று பெயர். நோயாளிக்கு அதுதான் உயிர்க் கயிறு. ஆஞ்சியோகிராம் குழாயை மணிக்கட்டு வழியாகவும் செலுத்தலாம், தொடை வழியாகவும் செலுத்தலாம். மணிக்கட்டின் ரத்தக் குழாய் கெட்டுவிட்டால் பிற்பாடு பிஸ்டுலா வைக்க இடம் இல்லாமல் போகலாம். ஆகவே இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். இரண்டு கையாலும் பிழைக்கும் நெசவாளிக்கு இது இன்னும் முக்கியம்.

777 பேர்

ஒரு பக்கம் அடைப்பின் ஆபத்து. மறு பக்கம் வைத்தியத்தின் ஆபத்து. எது பெரியது?

இதைச் சொல்ல யாரிடமும் சரியான கணக்கு இல்லை. ஏனென்றால் இருதய வைத்தியத்தைப் பற்றி நடந்த பெரிய ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை சிறுநீரக நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. "இவர்கள் உடல்நிலை சிக்கலானது" என்று ஒதுக்கிவிட்டார்கள். அதிக ஆபத்தில் இருந்தவர்களைப் பற்றித்தான் குறைவாகத் தெரிந்திருந்தது!

இந்தக் குறையைப் போக்க ஓர் ஆராய்ச்சி நடந்தது. நியூயார்க் பல்கலைக் கழக டாக்டர் ஸ்ரீபால் பெங்களூர் அதற்குத் தலைமை தாங்கினார். 30 நாடுகளின் ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன. இந்திய ஆஸ்பத்திரிகளும் பங்கு கொண்டன. சிறுநீரக நோய் முற்றிய 777 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்கள். எல்லோருக்கும் இருதயத்தில் ரத்த ஓட்டம் குறைந்திருப்பது பரிசோதனையில் தெரிந்திருந்தது. ஆனால் யாருக்கும் அவசர நிலை இல்லை.

அவர்களைச் சீட்டுப் போடுவது போல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்தோடு ஆஞ்சியோகிராமும் எடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறு பிரிவுக்கு முதலில் மருந்து மட்டும். மருந்துக்கு அடங்காவிட்டால்தான் மற்றது.

2020 மார்ச்சில் முடிவு வெளியாயிற்று.

மூன்று ஆண்டில் இறந்தவர்கள் அல்லது மாரடைப்பு வந்தவர்கள் எவ்வளவு பேர்? முதல் பிரிவில் 100-க்கு 36.4. மருந்துப் பிரிவில் 100-க்கு 36.7. ஏறக்குறைய சமம்!

மார்பு வலி குறைவதிலும், அன்றாட வாழ்க்கை சுகத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு, முதல் பிரிவில் பக்கவாதம் வந்தவர்கள் அதிகம். இறப்பு அல்லது டயாலிசிஸ் தொடங்க வேண்டிய நிலையும் அந்தப் பிரிவில் கூடுதலாகக் காணப்பட்டது. அதற்குப் பிறகும் அந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். உயிரிழப்பில் வித்தியாசம் தென்படவில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பிரிவிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்தார்கள் அல்லது மாரடைப்புக்கு ஆளானார்கள். நோய் அவ்வளவு கொடியது. மருந்து வைத்தியம் என்றால் அலட்சியமான வைத்தியம் என்று யாரும் நினைக்கக் கூடாது. அதைத்தான் முழுக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

யாருக்கு இது பொருந்தாது?

"அப்படியானால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஸ்டென்ட்டே கூடாதா?" என்று கேட்கலாம். அப்படி அல்ல!

திடீரென மாரடைப்பு வந்தவர்கள் இந்த ஆராய்ச்சியில் இல்லை. அவர்கள் விஷயம் வேறு. மாரடைப்பு வந்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அப்போது அடைப்பைத் திறப்பதுதான் உயிர் காக்கும் வழியாக இருக்கலாம். சிறுநீரகத்தைக் காரணம் காட்டி வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது தவறு.

மருந்துக்கு அடங்காத மார்பு வலி, உட்கார்ந்திருக்கும்போதே வரும் வலி, இருதயம் மிகவும் பலவீனமாகிவிட்ட நிலை, முக்கியமான இடது ரத்தக் குழாயின் தொடக்கத்திலேயே அடைப்பு ஆகியவற்றுக்கும் தனியாக யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

மார்பை அழுத்தும் வலி பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், அது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்த்துக் கொட்டி மூச்சுத் திணறினாலும் "வாயு" என்று சோடா குடித்துக் காலம் கடத்தக் கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும். மாரடைப்புக்கு உடனே தர வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2023-ல் தொடங்கியது. போனதும் "இவருக்குச் சிறுநீரக நோய் உண்டு" என்று சொல்லிவிட வேண்டும்.

மருந்து வைத்தியம் என்றால் என்ன?

ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை. இருதயத் துடிப்பையும் கொதிப்பையும் அடக்க மாத்திரை. மார்பு இறுக்கத்தைத் தளர்த்த மாத்திரை. கொழுப்பைக் குறைக்க மாத்திரை.

கொழுப்பு மருந்தைப் பற்றியும் ஒரு பெரிய ஆராய்ச்சி 2011-ல் வெளியாயிற்று. 9 ஆயிரத்துக்கும் அதிகமான சிறுநீரக நோயாளிகள் அதில் இருந்தார்கள். கொழுப்பைக் குறைத்தபோது மாரடைப்பு போன்ற தொல்லைகள் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புதிதாக ஆரம்பித்தால் அவ்வளவு பலன் தெரிவதில்லை. சீக்கிரம் தொடங்குவதே நல்லது.

இந்த மருந்துகளில் சிலவற்றின் அளவைச் சிறுநீரகத்துக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரையைக்கூட நோய் முற்றினால் நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்கிச் சாப்பிடக் கூடாது.

நெசவாளர் வீடுகளில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வலி மாத்திரை. குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலிக்கும். கடையில் கேட்டு வாங்கி விழுங்குவார்கள். டைக்ளோபெனாக், இபுபுரூபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கொதிப்பை ஏற்றும், இருதயத்துக்கும் ஆகாது. பெயர் தெரியாத பொடியும் லேகியமும் அப்படியே. சிலவற்றில் ஈயம், பாதரசம் போன்றவை கலந்திருக்கலாம்.

இளநீர் நல்லதா?

"உடம்புக்குக் குளிர்ச்சி" என்று நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வருவது நம் வழக்கம். மற்றவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் முற்றிலும் கெட்டவருக்கு அது விஷமாகலாம்!

அவற்றில் பொட்டாசியம் என்ற சத்து அதிகம். அதை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குச் சக்தி இல்லாவிட்டால் ரத்தத்தில் சேர்ந்துவிடும். அளவு மிஞ்சினால் இருதயத் துடிப்பே நின்றுபோகும். கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி, பழச்சாறு ஆகியவற்றிலும் கவனம் தேவை. காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும்.

உப்பும் அப்படித்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் எல்லாம் உப்பு. கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

டயாலிசிஸ் செய்கிறவர்கள் நீரையும் கணக்குப் பார்த்துக் குடிக்க வேண்டும். தண்ணீர் மட்டுமா நீர்? காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் கணக்கில் சேரும். இரண்டு டயாலிசிசுக்கு நடுவே எடை அதிகமாக ஏறினால் அது இருதயத்தின் மேல் ஏற்றிய பாரம்.

வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்கிறார்கள். 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வரும் நாளில்தான் மரணமும் மாரடைப்பும் அதிகம் என்று காட்டியது. ஒரு நாள் இடைவெளியைத் தாங்கும் இருதயம், இரண்டு நாளைத் தாங்கத் தவிக்கிறது. "கல்யாணத்துக்குப் போக வேண்டும், தறியில் சேலை நிற்கிறது" என்று ஒரு டயாலிசிசைத் தள்ளிப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல டாக்டர் அதை வரவேற்பார். குடும்பத்தார் இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகலாம்.

1. இது அவசர நிலையா? அல்லது மருந்து கொடுத்துப் பார்க்க நேரம் இருக்கிறதா?

2. இவருக்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வதால் ஆயுள் நீளுமா? வலி குறையுமா?

3. ஆஞ்சியோகிராம் எடுத்தால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும்? அதைக் காக்க என்ன செய்வீர்கள்?

4. குழாயை எந்தக் கை வழியாக, அல்லது தொடை வழியாகச் செலுத்துவீர்கள்? டயாலிசிஸ் கைக்குப் பாதகம் வராதா?

5. இருதய டாக்டரும் சிறுநீரக டாக்டரும் கலந்து பேசினார்களா?

6. மாற்றுச் சிறுநீரகம் வைக்க வழி உண்டா?

ஐந்தாவது கேள்வி மிக முக்கியம். ஒருவர் இருதயத்தைப் பார்க்கிறார். மற்றவர் சிறுநீரகத்தைப் பார்க்கிறார். உடம்பு ஒன்றுதானே! எல்லாப் பரிசோதனைச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு இருவரிடமும் காட்ட வேண்டும்.

செலவுக்கும் வழி இருக்கிறது. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். டயாலிசிசும் இருதய ஆபரேஷனும் அதில் அடங்கும். தறியின் மேல் கை வைக்கும் முன் காப்பீட்டு அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும்.

வராமல் தடுப்பது

நோய் முற்றிய பிறகு எந்த வைத்தியமும் பாதி வைத்தியம்தான். வராமல் தடுப்பதே முழு வைத்தியம்.

சர்க்கரை வியாதியோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரண்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்பது ஒன்று. ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்பது மற்றொன்று. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறது!

மறுபடி அந்த நெசவாளர் வீட்டுக்கு வருவோம்.

மகனும் தாயும் மருமகனும் அவரை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் எல்லாச் சீட்டையும் பார்க்கிறார். "நடந்தால்தான் இறுக்கம், உட்கார்ந்தால் போய்விடுகிறது. இருதயம் சுருங்கி விரிவதும் நன்றாக இருக்கிறது. முதலில் மருந்து கொடுத்துப் பார்ப்போம் அம்மா" என்கிறார். "வலி அதிகமானால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் வாருங்கள். அப்போது ஸ்டென்ட்டுக்கும் தயங்க வேண்டாம்."

"பணம் இல்லை என்பதற்காக இப்படிச் சொல்கிறீர்களா டாக்டர்?" என்று மகன் தயங்கியபடி கேட்கிறான்.

"இல்லை தம்பி. கோடீசுவரராக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்."

மகனின் மனத்திலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்குகிறது. தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டோமோ என்ற உறுத்தல் அவனுக்கு இனி வேண்டியதில்லை. அவன் செய்ய வேண்டியது வேறு. நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். உப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் தொடங்கினால் ஒரு நாளும் தவறாமல் அழைத்துப் போக வேண்டும்.

தறியை விற்க வேண்டிய அவசியமும் இல்லை. மறுநாள் காலையில் அந்த வீட்டில் மறுபடியும் தறிச் சத்தம் கேட்கிறது. இம்முறை ஓட்டுவது மகன். தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து, இழை சரியாக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.